எண்ணும் எழுத்தும் மோதிய களம்

சொல்லையும் கணக்கையும் ஒரே ஆட்டத்தில் சேர்த்து, இரண்டு ஆட்டக்காரர்களை எதிரெதிரே அமர்த்தி, கடிகாரத்தின் கெடுவுக்குள் விடை கேட்கும் தொலைக்காட்சிப் போட்டி பிரான்சில் உருவாகிப் பிற நாடுகளுக்குப் பரவியது. அர்மான் ழமோ என்னும் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் 1965-இல் ‘மிக நீண்ட சொல்’ என்று பொருள்படும் பெயரில் இதைத் தொடங்கியபோது எழுத்துகள் மட்டுமே ஆட்டத்தில் இருந்தன. 1972 சனவரி முதல் ‘தே ஷிஃப்ர் ஏ தே லெத்ர்’, அதாவது ‘எண்களும் எழுத்துகளும்’, என்ற பெயரில் அது வரலாயிற்று. எழுத்துச் சுற்றில் ஆட்டக்காரர்கள் மாறி மாறி உயிரெழுத்து அல்லது மெய்யெழுத்து வேண்டுமெனக் கேட்க, பாராமல் எடுத்து வைக்கப்படும் எழுத்துகளைக் கொண்டு அகராதியில் உள்ள மிக நீண்ட சொல்லை ஆக்க வேண்டும். கணக்குச் சுற்றில் 1 முதல் 10 வரையான எண்கள் இரண்டிரண்டும், 25, 50, 75, 100 ஆகியவை ஒவ்வொன்றுமாக மொத்தம் 24 வில்லைகள் இருக்கும்; அவற்றிலிருந்து ஆறு வில்லைகள் எடுக்கப்பட்டதும் மூன்று இலக்கமுள்ள ஓர் இலக்கு எண் அறிவிக்கப்படும்; எந்த வில்லையையும் ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தாமல், கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகியவற்றால் அந்த எண்ணை எட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக 75, 10, 6, 4, 3, 2 ஆகிய வில்லைகளும் 476 என்னும் இலக்கும் அமைந்தால், எழுபத்தைந்தை ஆறால் பெருக்கி 450 பெற்று, பத்தை மூன்றால் பெருக்கிய 30-ஐ அதனோடு கூட்டி, நான்கைக் கழிப்பவர் இலக்கை எட்டிவிடுவார்; 2 மிஞ்சி நிற்பதில் பிழையில்லை. இதே ஆட்டம் இங்கிலாந்தில் ‘கவுண்ட்டவுன்’ என்ற பெயரில் 1982 நவம்பர் 2 அன்று, சேனல் 4 என்னும் அலைவரிசை தொடங்கிய நாளிலேயே அதன் முதல் நிகழ்ச்சியாக ஒளிபரப்பாகி, முப்பது நொடிக் கடிகாரத்தோடு இன்றளவும் அங்கு நிலைத்திருக்கிறது.

பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் புதுச்சேரியை விட்டு நீங்கிய பின்னரே இந்த ஆட்டம் பிரான்சில் தோன்றியது. எனவே கல்வி முறை, சட்டம், தெருப்பெயர் ஆகியவற்றைப்போல இதைப் பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரிக்கு விட்டுச்சென்ற எச்சமாகக் கொள்ள இயலாது. ஆயினும் எண்ணும் எழுத்தும் ஒருசேரச் சோதிக்கப்பட்ட போட்டிகளின் வரலாற்றைத் தேடுவோருக்குப் புதுச்சேரி ஆட்சிக்குட்பட்ட நிலமே வியக்கத்தக்க அளவு சான்றுகளைத் தருகிறது. தெற்கே காரைக்காலில் ஒரு புலவர் போர், நகரத்தில் வானியலாரை வியக்கவைத்த சோழிக் கணக்கு, நோணாங்குப்பத்தைத் தன் வழியில் கொண்ட கடலூர்ச் சாலையில் நாள்தோறும் நடந்த இரட்டை நாணயக் கணக்கு ஆகிய மூன்றும், பிரெஞ்சுத் தொலைக்காட்சி இரண்டு சுற்றுகளாகப் பிரித்து வைத்த திறன்களைத் தமிழ் மரபு ஒரே திறனாக வளர்த்தது என்பதைக் காட்டுகின்றன.

முதற்சான்று திருமலைராயன்பட்டினம். 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த காரைக்கால் பகுதியில், இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் கொம்யூன்களில் ஒன்றாக, அதாவது பிரெஞ்சுக்காரர் வகுத்த உள்ளாட்சிப் பிரிவுகளில் ஒன்றாக, உள்ள இவ்வூர், 15-ஆம் நூற்றாண்டில் விசயநகரப் பேரரசுக்கு உட்பட்டு ஆண்ட திருமலைராயன் என்னும் சிற்றரசனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவனது அவையில் அதிமதுரகவி என்னும் புலவர் அறுபத்து நான்கு தண்டிகைப் புலவர்களுக்கு, அதாவது பல்லக்கில் செல்லும் சிறப்புப் பெற்ற புலவர்களுக்கு, தலைவராக விளங்கினார் என்றும், அவரை எதிர்கொள்ள வந்த காளமேகம் எமகண்டம் என்னும் கொடிய போட்டிக்கு உடன்பட்டார் என்றும் புலவர் வரலாறுகள் கூறுகின்றன. எமகண்டம் என்பது தீ மூட்டிய குழிக்கு மேலே தொங்கும் உறியில் அமர்ந்து, உடலைச் சுற்றிக் கத்திகள் கட்டப்பட்ட நிலையில், எதிரிகள் கேட்கும் பொருளுக்கும் சொல்லுக்கும் உடனுக்குடன் செய்யுள் பாடும் போட்டி. தடுமாறினால் உயிர் போகும். இந்தக் கதையில் வரலாறு எவ்வளவு, பிற்காலப் புனைவு எவ்வளவு என்று பிரித்துக் காண்பது எளிதன்று. ஆனால் கதையைத் தமிழ் வாசகரிடையே பரவச் செய்த ‘விநோதரச மஞ்சரி’யின் ஆசிரியர் 19-ஆம் நூற்றாண்டின் அட்டாவதானம் வீராசாமி செட்டியார் என்பது கவனிக்கத்தக்கது. மேடையில் பல வினாக்களை ஒருங்கே எதிர்கொள்ளும் கலையைத் தாமே பயின்றவர், தம் கலையின் முன்னோடியாகக் காளமேகத்தைக் கண்டு அவர் கதையை எழுதிவைத்தார் என்று கொள்வதற்கு இடமுண்டு.

காளமேகத்தின் பெயரில் வழங்கும் தனிப்பாடல்களுள் இப்பொருளுக்கு மிக நெருக்கமானது, காஞ்சி ஏகாம்பரநாதரைப் பற்றிய ஒரு வெண்பா. தமிழ்க் கணக்கில் முழு எண்ணுக்குக் கீழான பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. அவை கீழ்வாய் இலக்கம் எனப்பட்டன. அந்தப் பெயர்களை முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா, கீழரை என்னும் வரிசையில் அப்பாடல் அடுக்குகிறது. இவற்றின் மதிப்புகள் முறையே நான்கில் மூன்று, இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று, பத்தில் ஒன்று, பதினாறில் ஒன்று, இருபதில் ஒன்று, 640-இல் ஒன்று என்பதைக் கணித்துப் பார்த்தால், ஓரிடத்திலும் பிசகாமல் பெரியதிலிருந்து சிறியதற்கு அவை இறங்குவது புலனாகும். அதே சொற்கள், வேறு வகையாகப் பிரிக்கப்படும்போது, கோலூன்றி மூன்று காலில் நடக்கும் முதுமையும் நரையும் இருமலும் சுடுகாடும் வருமுன் காஞ்சியின் மாமரத்தடியில் உறையும் இறைவனை வணங்குக என்னும் அறிவுரையாகின்றன. பின்ன வாய்பாட்டை மனத்தில் கொண்டிராத ஒருவர் இந்தப் பாடலின் பக்தியைச் சுவைக்கலாம். செய்யுளில் பழகாத கணக்கர் இதன் எண்வரிசையைச் சுவைக்கலாம். இரண்டையும் ஒருங்கே பெற்ற அவையில்தான் இது போட்டிப் பாடலாக வெல்லும். பாடியவரின் திறனைவிட, அத்தகைய கேட்போர் இருந்தனர் என்பதே இப்பாடல் தரும் பெரிய வரலாற்றுச் செய்தி.

எழுத்துகளைக் கலைத்தும் கூட்டியும் குறைத்தும் ஆடும் ஆட்டங்களுக்குத் தமிழில் இலக்கணமே வகுக்கப்பட்டிருந்தது. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தண்டியலங்காரம் தன் சொல்லணியியலில் இவற்றைச் சித்திரகவி என்னும் வகையில் அடக்குகிறது. முன்னிருந்தும் பின்னிருந்தும் வாசித்தால் ஒன்றேயாக வரும் மாலைமாற்று, ஒரு செய்யுளுக்குள் மற்றொரு செய்யுளை ஒளித்து வைக்கும் காதைகரப்பு, ஒரு சொல்லில் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து வெவ்வேறு பொருள் பெறும் எழுத்து வருத்தனம், ஒவ்வொன்றாக நீக்கிப் பெறும் அக்கரச்சுதகம் ஆகியவை அவற்றுட் சில. கோமகன் என்பதில் முதலெழுத்தை நீக்கினால் மகன் எஞ்சுவது போன்ற எளிய நிலையிலிருந்து, நீக்கப்பட்ட ஒவ்வொரு படியும் செய்யுளின் ஒவ்வொரு வினாவுக்கு விடையாகும் அரிய நிலைவரை இந்த ஆட்டம் விரிந்தது. திருஞானசம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டிலேயே மாலைமாற்றில் ஒரு பதிகம் பாடியிருப்பதால், இதைப் பிற்காலத்து வீண்விளையாட்டு எனத் தள்ளிவிடும் இலக்கிய வரலாற்றாசிரியரின் வழக்கம் பொருத்தமானதன்று. மொழியின் எழுத்தமைப்பை இவ்வளவு நுட்பமாக உள்வாங்கிய பயிற்சி வேறு எவ்வழியிலும் கிடைத்திராது.

இரண்டாம் சான்று புதுச்சேரி நகரில் இரண்டு வெளிநாட்டு வானியலார் கண்டு எழுதியது. சூரியனைக் கடந்து செல்லும் வெள்ளிக் கோளைப் பார்ப்பதற்காகப் பிரான்சிலிருந்து புறப்பட்ட கியோம் லெ ழாந்தீய், 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் வீழ்ந்திருந்ததால் கடலிலேயே அந்த நிகழ்வைத் தவறவிட்டு, அடுத்த கடப்புக்காக 1768-இல் இங்கு வந்து காத்திருந்தார். 1769 சூன் 4 காலையில் மேகம் மறைத்துவிட்டதால் அதுவும் கைகூடவில்லை. அந்த இழப்பைக் கூறும் நூல்கள் பலவாக, அவர் இங்குப் பெற்றதைக் கூறுபவை குறைவாக இருப்பது வருத்தத்துக்குரியது. ஏனெனில் லெ ழாந்தீய் புதுச்சேரியில் இருந்த காலத்தில் தமிழ்க் கணிதர் ஒருவரிடம் கிரகணக் கணிப்பைக் கற்று, அதைத் தம் பயண நூலில் விரிவாக எழுதினார். 1765 ஆகஸ்ட் 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ் முறையில் கணித்தபோது அது 41 நொடி குறைவாகவும், அக்காலத்து ஐரோப்பாவில் சிறந்தவையாகப் போற்றப்பட்ட தோபியாஸ் மாயரின் அட்டவணைகளால் கணித்தபோது 68 நொடி மிகையாகவும் வந்ததாக அவர் பதிவு செய்திருக்கிறார்.

பிரெஞ்சுக் குடியில் பிறந்து ஆங்கிலேயரிடம் பணியாற்றிச் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பையும் வகித்த சான் வாரன், 1825-இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலித’ என்னும் நூலில் இம்முறையை மேலும் தெளிவாக விளக்கினார். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், அவ்வாண்டு மே 31-க்கும் சூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தை, ஓர் எண்ணைக்கூட எழுதாமல், தரையில் சோழிகளைப் பரப்பியும் மாற்றியும் வாரனின் கண்முன்னே கணித்துக் காட்டினார்; கிரகணத்தின் தொடக்கத்தில் அவர் கணக்கு 4 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிறழ்ந்தது. கணிப்புக்கு வேண்டிய அட்டவணைகள் யாவும் அவர் நினைவில் இருந்தன, அதுவும் எண்களாக அன்றிச் சொற்களாக. இதற்கு வாக்கிய முறை என்று பெயர். ஒவ்வொரு மெய்யொலிக்கும் ஓர் இலக்கத்தை வகுத்துக்கொண்டு, பொருளுள்ள சிறு தொடர்களால் பேரெண்களைக் குறிக்கும் கடபயாதி என்னும் குறியீட்டால், சந்திரனின் இயக்கத்தை 248 நாட்களுக்கு நாள்வாரியாகக் கூறும் 248 வாக்கியங்கள் வரருசியின் பெயரால் வழங்கின. கணிதர் தொடரை ஓதுவார். தொடரின் எழுத்துகள் இலக்கங்களாக மாறிச் சோழிகளில் இறங்கும். கணித வரலாற்றறிஞர் ஆட்டோ நியூகபவர் 1952-இல் ‘தமிழ் வானியல்’ என்னும் கட்டுரையில் இதை ஆராய்ந்தபோது, பண்டைய பாபிலோனியக் கணிப்பு முறைகளின் சாயலுடைய ஒரு மரபு 19-ஆம் நூற்றாண்டுவரை உயிருடன் இருந்ததைச் சுட்டினார். தாம் செய்யும் கணக்கின் வானியல் காரணங்களை அக்கணிதர் அறியவில்லை என்று வாரன் குறைகூறினார். ஆனால் சொல்லை எண்ணாகவும் எண்ணைச் சொல்லாகவும் நொடியில் மாற்றும் பயிற்சி, காரணம் அறிந்த ஐரோப்பியர் எவரிடமும் இல்லாதது என்பதை அந்தக் குறை மறைத்துவிட முடியாது.

இத்தகைய நினைவாற்றல் ஒருசில கணிதர் குடிகளுக்கு மட்டும் உரியதாக இருந்திருந்தால் காளமேகத்தின் பின்னப் பாடலைச் சுவைக்கும் அவை அமைந்திராது. அதை ஊர்தோறும் வளர்த்தவை திண்ணைப் பள்ளிகள். அரிச்சுவடியில் எழுத்தைக் கற்ற சிறுவர், எண்சுவடியில் முழு எண்களையும் பின்னங்களையும் பெருக்கும் வாய்பாடுகளையும், பொன்னிலக்கத்தில் பொன்னின் எடையையும், நெல்லிலக்கத்தில் ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என ஏறும் முகத்தலளவையையும், குழிமாத்தில் நிலத்தின் பரப்பையும், சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவன் முன்சொல்லப் பின்சொல்லி மனப்பாடம் செய்தனர். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில்பாபு இச்சுவடிகளை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட நூல், இந்த மனப்பாடம் பொருளறியா ஒப்பித்தல் அன்று, வயலிலும் களத்திலும் கடையிலும் உடனடியாகக் கணக்கிடும் திறனுக்கான பயிற்சி என்று நிறுவுகிறது. அதே அளவைகளே வரி வாங்குவோர் கையில் அதிகாரமாகவும் இருந்தன என்பதையும் அது மறைக்கவில்லை. திண்ணைப் பள்ளிகளின் வாயில் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும், பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் பெரும்பாலும் வெளியே நிறுத்தப்பட்டனர் என்பதையும் இவ்விடத்தில் சொல்லாமல் விடுவது இந்த மரபை அழகுபடுத்திக் காட்டுவதாகும்.

நோணாங்குப்பம் இந்த வரலாற்றில் இடம்பெறுவது சந்தைக் கணக்கின் வழியாக. அரியாங்குப்பம் கொம்யூனில், சுண்ணாம்பாற்றின் கரையில், புதுச்சேரியிலிருந்து கடலூருக்குச் செல்லும் சாலையில் அமைந்த இவ்வூருக்கு வடக்கே, தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளால் புகழ்பெற்ற அரிக்கமேடு உள்ளது. தெற்கே சென்றால் ஆங்கிலேயர் ஆண்ட கடலூர். இரண்டு ஆட்சிகளின் நிலமும் ஒன்றனுள் ஒன்று புகுந்து கிடந்த இப்பகுதியில் ரூபாய் ஒன்றே ஆயினும் அதன் பிரிவுகள் வேறு. ஆங்கிலேயர் பகுதியில் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. பிரெஞ்சுப் பகுதியில் ரூபாய்க்கு 8 பணம், பணத்துக்கு 24 காசு. பதினாறைப் பன்னிரண்டால் பெருக்கினாலும் எட்டை இருபத்து நான்கால் பெருக்கினாலும் 192 வரும். ஆகவே கடைசிப் பிரிவில் இரண்டும் சமம், இடைப் பிரிவில் ஒரு பணம் இரண்டு அணா. பிரெஞ்சிந்தியாவின் அஞ்சல் தலைகள் 1923 முதல் காசு, பணம், ரூபாய் என்னும் மதிப்புகளையே தாங்கி வந்தன. இச்சாலையில் மீனும் நெல்லும் விற்றோரும் வாங்கியோரும் தாளின்றி மனத்திலேயே ஒரு கணக்கை மற்றொன்றாக்க வேண்டியிருந்தது. எண்சுவடியின் அரைக்கால் என்னும் பின்னமே இங்கு ஒரு பணம், மாகாணியே ஓர் அணா என்பதால், திண்ணையில் கற்ற வாய்பாடு அப்படியே கைகொடுத்தது. பார்வையாளரும் பரிசும் இல்லாத இந்தக் கணக்குச் சுற்று, மேடைப் போட்டிகளைத் தாங்கிய அடித்தளம்.

மேடையில் அது அவதானம் என்னும் உருவம் கொண்டது. அவதானம் என்றால் கவனம். எட்டு வினாக்களை ஒருங்கே கவனித்து விடையளிப்பது அட்டாவதானம், பத்தாயின் தசாவதானம், பதினாறாயின் சோடசாவதானம், நூறாயின் சதாவதானம். அவதானியைச் சுற்றி வினவுவோர் அமர்வர். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி தருவார். ஒருவர் பெருக்கல் கணக்குக் கொடுப்பார். ஒருவர் ஆண்டும் தேதியும் கூறிக் கிழமை கேட்பார். ஒருவர் ஒரு தொடரின் எழுத்துகளை வரிசை குலைத்து இடையிடையே ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒருவர் மணி அடிப்பார். மற்றொருவர் முதுகில் சிறு கற்களை எறிவார். சதுரங்கமும் உடன் நடக்கும். முடிவில் அடித்த மணி எத்தனை, விழுந்த கல் எத்தனை, குலைந்த தொடர் எது என்பவற்றையும், நிறைவுபெற்ற செய்யுள்களையும் அவதானி வரிசையாகக் கூற வேண்டும். தொலைக்காட்சியில் சொல் முடிந்த பிறகு கணக்குத் தொடங்கும். இங்கே இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும்.

தமிழ் அவதானிகளுள் பெரும்புகழ் பெற்றவர் நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர். அவர் 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர் பலர் முன்னிலையில் சதாவதானம் நிகழ்த்தி அப்பட்டத்தைப் பெற்றார். துருக்கனுக்கு இராமன் துணை என்னும் கருத்தில், அதாவது முசுலிமுக்கு இராமனே துணை என்று பொருள்பட, ஈற்றடி தந்து இசுலாமியரான அவரை ஒருமுறை மடக்க முயன்றதாகவும், அவர் அதற்கு முந்தைய சொல்லின் இறுதியில் ‘சத்’ என்று அமைத்து, இராமனின் தம்பியாகிய சத்துருக்கனுக்கு இராமன் துணை என்று முடித்ததாகவும் வழங்கும் செய்தி, எழுத்து வருத்தனம் என்னும் பழைய சித்திரகவி இலக்கணம் மேடையில் எப்படி உயிர்பெற்றது என்பதற்கு நல்ல சான்று. ஓர் எழுத்துக்கோவையைச் சேர்த்ததால் ஏளனம் புகழாயிற்று. அவையின் மதிப்பும் அவர் பக்கம் சாய்ந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இம்மரபு தளர்ந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அச்சு நூல் நினைவின் வேலையைக் குறைத்தது. அரசுத் தேர்வுமுறை எழுத்தில் தரும் விடையையே மதித்தது. புரவலர் அவைகள் கலைந்தன. 1957 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பதின்ம நாணய முறையும், அடுத்த சில ஆண்டுகளில் மெட்ரிக் அளவைகளும் வந்தபின் மாகாணியும் அரைக்காலும் கடைத்தெருவை விட்டு நீங்கியதால், எண்சுவடிக்கு அன்றாடப் பயன் இல்லாமற் போயிற்று. இவற்றுள் கடைசியே மிக ஆழமான காரணம். செய்யுள் இயற்றும் புலவர் பின்னரும் இருந்தனர், பின்னம் கேட்டுச் சுவைக்கும் கூட்டம்தான் இல்லாமற் போனது.

தமிழ்த் தொலைக்காட்சி சொல்லாட்டத்துக்கு வந்தபோது இந்தப் பிளவு வெளிப்படையாகத் தெரிந்தது. ஜேம்ஸ் வசந்தன் நடத்திய, விஜய் தொலைக்காட்சியின் ‘ஒரு வார்த்தை ஒரு லட்சம்’ நிகழ்ச்சி இருவர் இணைந்து ஆடும் அமைப்புடையது; ஒருவர் தமக்குக் காட்டப்பட்ட சொல்லைக் குறிப்புகளால் உணர்த்த, மற்றவர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறமொழிச் சொற்கள் பேச்சை நிறைத்திருந்த காலத்தில் தமிழ்ச் சொல்வளத்துக்கு வீட்டுக் கூடத்தில் மதிப்புத் தேடித்தந்தது அதன் பெரும்பணி. எழுத்துகளை எடுத்து அடுக்கும் பிரெஞ்சு முறை அங்குப் பின்பற்றப்படாததும் இயல்பே. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள் கொண்ட தமிழில் பத்து எழுத்துகளைப் பாராமல் எடுத்தால் சொல் அமைவது அரிது. உயிரையும் மெய்யையும் தனித்தனியே எடுத்து ஆட்டக்காரரே புணர்த்திக்கொள்ளலாம் என விதி வைத்தால் அந்த இடர் நீங்கும். தொல்காப்பியர் காலத்துப் புணர்ச்சி அறிவே ஆட்டத்தின் கருவியாகும். ஆனால் கணக்குச் சுற்றைச் சேர்ப்பதற்கு எந்த எழுத்துத் தடையும் இல்லை; அது விடுபட்டது, எண்ணைத் தமிழின் பகுதியாகக் கருதும் எண்ணமே மங்கியதால்தான்.

பிரான்சில் ‘எண்களும் எழுத்துகளும்’ நிகழ்ச்சி 2024-இல் நிறுத்தப்பட்டது. தமிழகத்தில் அவதானம், கவனகம் என்னும் பெயரில் மற்றொரு வடிவம் எடுத்தது. பார்வையற்றவரான திருக்குறள் இராமையா அதைப் பரப்ப, அவர் மகன் கனக சுப்புரத்தினம் தொடர்ந்தார். கவனக மேடையில் கேட்போர் 1 முதல் 1330 வரை ஓர் எண்ணைச் சொன்னால் அந்த எண்ணுக்குரிய குறளையும், குறளைச் சொன்னால் அதன் எண்ணையும் அதிகாரத்தையும் கவனகர் கூறுவார். இடையிடையே முதுகில் விழும் பொருள்களின் எண்ணிக்கையும், கணக்கு வினாக்களும், பிறந்த தேதிக்குரிய கிழமையும் பழைய முறைப்படியே தொடரும். செய்யுளை உடனடியாக இயற்றும் பகுதி இதில் குறைந்துவிட்டாலும், எண்ணைச் சொல்லாகவும் சொல்லை எண்ணாகவும் மாற்றும் பகுதி, புதுச்சேரிக் கணிதர் சோழிகளை வைத்துச் செய்ததற்கு மிக அருகில், பொதுமேடையில் இன்னும் நடக்கிறது.